சிறுதுளியும் பெருவெள்ளமும்



சிறுதுளி பெருவெள்ளம் என்னும் பழமொழியைச் சிக்கனத்துக்கும் சேமிப்புக்கும் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறோம். உண்டியல் விஷயத்தில் அது மெய்யாகவே இருக்கட்டும். கறுப்பு வெள்ளைப் புகைப்படப் பிலிமிடம் மட்டும் அந்தப் பழமொழி செல்லாது. ஒளியை அதன்மேல் கொட்டினால் கொட்டியதற்குச் சரியாகக் கணக்குக் காட்டும். சொட்டுச் சொட்டாக விட்டாலோ, விட்டதில் ஒரு பங்கைத் தொலைத்துவிட்டு மீதியைத்தான் காட்டும். இந்த விந்தையைப் பற்றியும், இதை இயற்பியல் மாணவர் ஒவ்வொருவரும் தம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்பதைப் பற்றியும், அதற்கு வேண்டிய அறை நம் கல்லூரியிலேயே பூட்டிக் கிடப்பதைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

‘பிலிமா? இந்தக் காலத்திலா?’ என்று சிரிக்கும் நண்பர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்ல படம் மட்டும் வேண்டுமானால் சட்டைப் பையிலுள்ள கைப்பேசி போதும். அது இருட்டில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வெளிச்சமான ஒரு படத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது. அதனுள் இருக்கும் மின்னணு உணரி கணக்கில் கெட்டிக்காரப் பேர்வழி. ஒரு விநாடி ஒளிக்கு ஒரு பங்கு என்றால் பத்து விநாடிக்குப் பத்துப் பங்கு காட்டும். இந்த ஒரு விஷயத்தில் அதனிடம் கற்றுக்கொள்ள நமக்கு எதுவும் இல்லை. பிலிமிடம் நிறைய இருக்கிறது. பிலிம் ஒழிந்துபோன பொருளும் அன்று. இங்கிலாந்தின் இல்ஃபோர்டும் அமெரிக்காவின் கோடக்கும் கறுப்பு வெள்ளைப் பிலிமை இன்றும் செய்து விற்கின்றன. விலைதான் கையைக் கடிக்கிறது.

விதியை முதலில் பார்ப்போம். ஜெர்மனியின் புன்சனும் (ஆய்வுக்கூடத்தில் நாம் பற்றவைக்கும் அடுப்புக்குப் பெயர் தந்தவரேதான்) இங்கிலாந்தின் ராஸ்கோவும் ஹைட்ரஜனும் குளோரினும் ஒளி பட்டுக் கூடுவதை அளந்து பார்த்து, 1862-ஆம் ஆண்டளவில் ஒரு முடிவுக்கு வந்தனர். ஒளியால் விளையும் மாற்றம், ஒளியின் செறிவையும் அது விழும் நேரத்தையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது என்பதே அம்முடிவு. செறிவு பாதியானால் நேரத்தை இரட்டியுங்கள், விளைவு மாறாது. ஆங்கிலத்தில் இதை ரெசிபிராசிட்டி விதி என்பர். தமிழில் எதிர்விகித விதி எனலாம்.

புகைப்படக்காரர் பிழைப்பே இந்த விதியின்மேல்தான் நடக்கிறது. காமிராவின் துவாரம் எஃப் 8, ஷட்டர் 1/60 விநாடி என்றால், எஃப் 11-க்கு 1/30 என்றும் எஃப் 16-க்கு 1/15 என்றும் அவர் யோசிக்காமலே மாற்றிவிடுவார். பகல் வெளிச்சத்தில் விதி பொய்ப்பதில்லை. ஆனால் நேரம் ஒரு விநாடியைத் தாண்டியதும் பிலிமின் நடத்தை மாறத் தொடங்குகிறது. பத்து விநாடியில் மாற்றம் வெளிப்படையாகத் தெரிகிறது. நூறு விநாடியில் விதியை நம்பியவர் கையில் வெற்றுக் கண்ணாடி போன்ற நெகடிவ்தான் மிஞ்சும்.

இதை 1893-இலேயே ஆப்னி என்னும் ஆங்கிலேயர் கவனித்துச் சொன்னார். ஆனால் அதற்கு ஒரு கணக்கு வகுத்தவர் கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு என்னும் ஜெர்மானிய இளைஞர். வியன்னாவில் ஒரு பீர் ஆலை அதிபர் தம் சொந்தச் செலவில் கட்டிய குஃப்னர் வானாய்வகத்தில் அவர் 1896 முதல் 1899 வரை வேலை பார்த்தார். விண்மீன்களின் ஒளியளவைப் புகைப்படத் தட்டுகளைக் கொண்டு அளப்பது அவர் பணி. எதிர்விகித விதியை நம்பினால் மங்கலான மீன்களின் கணக்கு ஒத்துவரவில்லை. நேரத்தை அப்படியே பெருக்காமல் 0.86 என்னும் அடுக்குக்கு உயர்த்திப் பெருக்கிப் பார்த்தார், கணக்கு ஒத்துவந்தது. அவர் கணக்குப்படி, ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் நேரத்தைப் பத்து மடங்காக்கினால் போதாது, பதினான்கரை மடங்காக்க வேண்டும். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு முதல் தீர்வு கண்டு, கருந்துளையின் ஆரத்துக்குத் தம் பெயரைத் தந்த ஷ்வார்ஸ்சைல்டும் இவரே. கருந்துளை வரை சென்ற மனிதர், தொடங்கிய இடம் ஓர் இருட்டறை என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? இதற்குத் தெளிவான விளக்கம் கிடைக்க 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கர்னி, மாட் என்னும் இரு இயற்பியலார் அதைத் தந்தனர். பிலிம் என்பது ஜெலாட்டினில் பதிந்து கிடக்கும் எண்ணற்ற சில்வர் புரோமைடு படிகங்கள். ஓர் ஒளித்துகள் படிகத்தில் விழுந்தால் ஓர் எலெக்ட்ரான் விடுபடுகிறது. அது படிகத்தின் ஏதோ ஒரு மூலையில் சிக்கிக்கொள்ள, அலைந்து திரியும் வெள்ளி அயனி ஒன்று அதனிடம் வந்து சேர்ந்து வெள்ளி அணுவாகிறது. ஆனால் அந்த ஒற்றை அணுவுக்கு ஆயுள் மிகக் குறைவு. சில கணங்களில் மறுபடி எலெக்ட்ரானாகவும் அயனியாகவும் பிரிந்துபோகும். அதற்குள் இரண்டாவது அணு வந்து சேர்ந்தால் இரண்டும் நிலைத்துவிடும். ஏறத்தாழ நான்கு அணுக்கள் ஒரே இடத்தில் கூடிவிட்டால், டெவலப்பர் அந்தப் படிகத்தை அடையாளம் கண்டு, அதிலுள்ள கோடிக்கணக்கான அயனிகள் அத்தனையையும் வெள்ளியாக்கிக் கறுப்பாக்கிவிடும். நான்கு கூடாத படிகம், ஒளியையே பாராத படிகம்போல் ஃபிக்ஸரில் கரைந்து போய்விடும்.

எங்கள் கோச்சடை நிறுத்தத்து ஷேர் ஆட்டோவைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நான்கு பேர் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும் என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டரை மணிக்கு நான்கு பேர் நான்கு நொடியில் ஏறிவிடுவார்கள், வண்டி பறந்துவிடும். இரவு பதினொரு மணிக்கு ஒருவர் வருகிறார். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கிறார். துணைக்கு ஆள் இல்லை. ‘நடந்தே போய்விடலாம்’ என்று இறங்கிவிடுகிறார். அவர் தலை மறைந்தபின் இன்னொருவர் வருகிறார், அவரும் அப்படியே போகிறார். விடியும்வரை இருபது பேர் வந்து போயிருக்கலாம், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு பேர் ஒன்றாகச் சேர்ந்துவிட்டாலோ பேச்சுத் துணை கிடைத்துவிடும். மூன்றாமவர் வரும்வரை இருவரும் இறங்கமாட்டார்கள். மங்கிய ஒளியில் பிலிமுக்கு நேர்வது அச்சொட்டாக இதுதான்.

மிகக் கடுமையான ஒளியைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகப் பாய்ச்சினாலும் விதி பிசகும். அங்கே காரணம் வேறு. ஒரே நேரத்தில் கூட்டம் அலைமோத, ஆளுக்கொரு வண்டியில் தாவி ஏறுகிறார்கள். எந்த வண்டியிலும் நான்கு பேர் சேர்வதில்லை.

இந்தப் பிசகுக்கு ஆங்கிலத்தில் ‘தோல்வி’ என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. பிலிம் தன் இயல்புப்படி நடக்கிறது. ஹைட்ரஜனுக்கும் குளோரினுக்கும் வகுத்த விதியை வெள்ளிப் படிகத்தின் தலையில் கட்டி, அது ஒத்துவராதபோது படிகம் தோற்றுவிட்டது என்பது என்ன நியாயம்? எதிர்விகிதப் பிறழ்வு என்று சொன்னால் போதுமானது என்பது என் கருத்து. பெயரில் என்ன இருக்கிறது என்பீர்கள். தோல்வி என்று கேட்ட மாணவன் அதை மூடி மறைக்கப் பார்க்கிறான். பிறழ்வு என்று கேட்டவன் எவ்வளவு பிறழ்கிறது என்று அளக்கப் புறப்படுவான்.

அளந்து பார்த்தவர்கள் தந்த எண்கள் சுவையானவை. இல்ஃபோர்டின் எஃப்பி-4 பிளஸ் பிலிமுக்கு, மீட்டர் காட்டும் விநாடிகளை 1.26 என்னும் அடுக்குக்கு உயர்த்த வேண்டும் என்று அந்நிறுவனமே சொல்கிறது. மீட்டர் 10 விநாடி என்றால் 18 விநாடி. ஒரு நிமிடம் என்றால் ஏறக்குறைய மூன்று நிமிடம். எச்பி-5 பிளஸ் பிலிமுக்கு அடுக்கு 1.31, ஒரு நிமிடம் மூன்றரை நிமிடமாகிவிடும். (ஷ்வார்ஸ்சைல்டின் 0.86-ஐத் தலைகீழாக்கினால் 1.16 வருகிறது. நூற்றிருபது ஆண்டுக்கு முந்தைய கணக்கும் இன்றைய கணக்கும் ஒரே சாதி என்பதைக் கவனிக்க.) கோடக்கின் டிரை-எக்ஸ் பிலிமுக்குப் பழைய அட்டவணை இன்னும் கடுமையானது: 1 விநாடிக்கு 2, 10 விநாடிக்கு 50, 100 விநாடிக்கு 1200, அதாவது இருபது நிமிடம்! மறுபக்கம், ஃபுஜி பெயரில் 2019-இல் வெளிவந்த இரண்டாம் அக்ராஸ் பிலிமுக்கு 120 விநாடி வரை திருத்தமே வேண்டியதில்லை. எல்லாம் கறுப்பு வெள்ளைப் பிலிம்தான்; ஆயினும் படிகத்தைச் செய்தவர் கைப்பக்குவத்தைப் பொறுத்துப் பிலிமுக்குப் பிலிம் குணம் மாறுகிறது.

நேரத்தைக் கூட்டுவதோடு வேலை முடிவதில்லை. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஒரே படத்துக்குள் வெளிச்சமான இடமும் உண்டு, நிழலான இடமும் உண்டு. விளக்கருகே ஒளித்துகள்கள் நெருக்கமாக விழுகின்றன, அங்கே இழப்பு குறைவு. நிழலில் அரிதாக விழுகின்றன, அங்கே இழப்பு மிகுதி. ஆகவே நிழலுக்குப் போதிய நேரம் கொடுத்தால் விளக்கடி தேவைக்கு மேல் கறுத்துப் போகும். கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடைவெளி விரிந்து, படம் கரியும் சுண்ணாம்புமாக நிற்கும். இதற்கு மருந்து டெவலப் செய்யும் நேரத்தைக் குறைப்பது. டிரை-எக்ஸ் பிலிமுக்கு மேற்சொன்ன மூன்று நிலைகளில் முறையே 10, 20, 30 விழுக்காடு குறைக்கும்படி கோடக் சொல்கிறது. கூட்டியும் கொடுக்க வேண்டும், குறைத்தும் கழுவ வேண்டும்.

எங்கள் பகுதியில் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் உண்டு. அண்ணே என்றுதான் எல்லாரும் அழைப்போம். கர்னியையும் மாட்டையும் அவர் அறியார். ‘தம்பி, இருட்டுல பிலிமு தூங்கிப்போகும்டா. மீட்டர் சொல்றதுக்கு மேல ரெண்டு பங்கு குடு. கழுவுறப்ப கொஞ்சம் முன்னாடியே எடுத்துரு’ என்பார். மேலே நான் நான்கு பத்திகளில் எழுதியதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். அவர் கைபழகியது இந்துப் பிலிமில். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் சரக்கு அது. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் ‘இந்து’ என்ற பெயரைக் கேளாத காது அந்நாளில் இருந்திராது. இன்று அந்த ஆலை மூடிக் கிடக்கிறது. அந்தப் பிலிமோடு பழகிய கைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன. எழுதி வைக்காத அறிவு கையோடு போய்விடும்.

அதே ஆலை எக்ஸ்-கதிர் பிலிமும் செய்தது. அதிலும் ஒரு வேடிக்கை. எக்ஸ்-கதிர் நேராகப் பிலிமில் விழுந்தால் பிறழ்வு ஏற்படுவதே இல்லை! ஓர் எக்ஸ்-கதிர்த் துகளுக்கு ஆற்றல் மிகுதி, தனியொருவராகவே வண்டியை நிரப்பிவிடுகிறது. ஆனால் மருத்துவமனைகளில் கதிரின் அளவைக் குறைப்பதற்காகப் பிலிமை ஒளிரும் திரைகளுக்கு இடையே வைத்தனர். அப்போது பிலிமைக் கறுக்க வைப்பது பெரும்பாலும் திரையின் ஒளி. ஒளி வந்ததும் பிறழ்வும் கூடவே வந்துவிடுகிறது. படிகம் ஒன்றே, வருகிறவர் யார் என்பதைப் பொறுத்து அதன் கணக்கு மாறுகிறது. இதைவிட நல்ல தேர்வு வினா ஒன்று எந்த வினாத்தாளிலாவது உண்டா?

மதுரைக்கு வருவோம். நம் ஊரை முதன்முதல் விரிவாகப் படம் பிடித்தவர் லின்னேயஸ் டிரைப். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த இந்தப் படை அதிகாரி 1858-இல் மீனாட்சியம்மன் கோவிலையும் புதுமண்டபத்தையும் திருமலை நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் மெழுகூட்டிய காகித நெகடிவ்களில் பதித்தார். அப்போது புன்சன் தம் விதியை இன்னும் முடித்திருக்கவில்லை. ஷ்வார்ஸ்சைல்டு பிறக்கவே இல்லை. ஒளிமானியும் இல்லை, அட்டவணையும் இல்லை. சுட்டெரிக்கும் பிராகாரத்தையும் இருண்ட தூண் வரிசையையும் ஒரே காகிதத்தில் கொண்டுவர அவரிடம் இருந்தது பொறுமையும் கைப்பழக்கமும்தான். அடுத்த ஆண்டே ஆளுநர் டிரெவெல்யன், இதெல்லாம் வீண் ஆடம்பரம் என்று சொல்லி அந்த வேலையை நிறுத்தினார். அரசாங்கச் சிக்கனத்துக்கு இருட்டறை முதல் பலியாவது அன்றே தொடங்கிய வழக்கம் போலும்!

டிரைப் படங்களைப் பார்க்கையில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. தூண்களில் நிற்கும் யாளியும் குதிரை வீரனும் அங்கு இயல்பாக இருக்கும் ஒளியில் தெரிகிறார்கள். இன்று நாம் நம் மண்டபங்களை எப்படிப் படம் எடுக்கிறோம்? பளிச்சென்று பிளாஷ் வெளிச்சத்தை முகத்தில் அடித்து எடுக்கிறோம். சிற்பியின் உளி நிழலுக்காகத் தோண்டிய பள்ளமெல்லாம் மேடோடு மேடாகிவிடுகிறது. மண்டபத்தின் இருட்டும் சிற்பத்தின் ஒரு பகுதியே என்பது என் எண்ணம். அந்த இருட்டை இருட்டாகவே பதிக்க நீண்ட நேரம் வேண்டும். நீண்ட நேரம் என்றால் இந்தப் பிறழ்வை அறிந்தாக வேண்டும். 2018 பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு மீனாட்சியம்மன் கோவிலின் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பற்றிச் சிதைந்தது நமக்கு மறந்திருக்காது. கல்லே ஆனாலும் நாளைக்கு இருக்கும் என்று உறுதி சொல்ல இயலாது. அதை அதனுடைய ஒளியில் பதித்து வைத்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டிய ஊர் இது.

இதைச் சொல்லிக்கொண்டு மட்டும் இராமல் கோச்சடையிலேயே செய்து பார்த்தோம். வைகையின் தென்கரையில் மேலக்கால் சாலையில் உள்ளது எங்கள் ஊர். எங்கள் அய்யனார் கோவிலின் பெரிய குதிரைகளை மதுரையில் அறியாதார் இலர். பூசாரி ஐயாவிடம் அனுமதி கேட்டு, ஆள் நடமாட்டம் ஓய்ந்தபின், தொலைவிலிருந்த ஒற்றை விளக்கின் ஒளியில், முக்காலியில் காமிராவை நிறுத்தினோம். எஃப்பி-4 பிளஸ் பிலிம். எஃப் 16-க்கு மீட்டர் 15 விநாடி காட்டியது. திட்டமிட்டபடி 15, 30, 60 விநாடி என்று மூன்று படங்கள். கணக்குப்படி சரியானது 30.

மறுநாள் அண்ணன் வீட்டுக் குளியலறையில், பனிக்கட்டி போட்டுத் தண்ணீரை 20 பாகைக்குக் கொண்டுவந்து, கழுவிப் பார்த்தோம். 15 விநாடி நெகடிவில் குதிரையின் நெற்றியும் மார்பும் இருந்தன. வயிற்றுக்குக் கீழே காலே இல்லை. குதிரை காற்றில் மிதந்தது. 30 விநாடியில் நான்கு கால்களும் தரையில் ஊன்றி நின்றன, அடியில் குனிந்திருக்கும் பூதத்தின் முகம்கூட மெல்லத் தெரிந்தது. 60 விநாடியில் கால்கள் இன்னும் தெளிவு, ஆனால் விளக்குப் பட்ட மார்பில் மணியும் சலங்கையும் ஒரே கறுப்பில் மூழ்கிவிட்டன. எதிர்விகித விதிப்படி சரியாக இருந்திருக்க வேண்டிய படம் முதலாவது. அதைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தபோது எங்களோடு வந்திருந்த முதலாண்டு மாணவன் ஒருவன், ‘அப்ப புத்தகத்துல போட்டிருக்கிறது தப்பாண்ணே?’ என்று கேட்டான். ஓராண்டு வகுப்பில் அவன் கேட்ட முதல் கேள்வி அது என்று அவனுடைய ஆசிரியரே பிறகு சொன்னார்.

வானியலார் இந்தப் பிறழ்வோடு மல்லுக்கட்டிய கதை தனியே எழுதத் தக்கது; சுருக்கமாகச் சொல்கிறேன். மணிக்கணக்கில் ஒரே விண்மீனை நோக்கித் தட்டை வைத்திருப்பவருக்குப் பாதி ஒளி வீணாவது உயிர் போகிற காரியம். ஆகையால் தட்டுகளை நைட்ரஜனில் இட்டுச் சூடேற்றினர், ஹைட்ரஜன் கலந்த வாயுவில் ஊறவைத்தனர், உறைந்த கரியமில வாயுவால் குளிர்வித்தனர். குளிர்ந்த படிகத்தில் ஒற்றை அணுவின் ஆயுள் நீள்கிறது; ஆட்டோவில் ஏறியவர் சற்றுக் கூடுதலாகக் காத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். நம் காவலூரில் 1988 பிப்ரவரி 17-ஆம் நாள், 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி எடுத்த படத்தில் ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. ஜவ்வாது மலையின் இருட்டில் அந்த மங்கிய ஒளியையும் சில்வர் புரோமைடு பிடித்து வைத்தது.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். இயற்பியல் துறையின் பின்புறத்தில் ஓர் இருட்டறை இருப்பதை இன்றைய மாணவர்களில் பலர் அறியமாட்டார்கள். சுவரெல்லாம் கறுப்பு வண்ணம். குழாயும் தொட்டியும் உண்டு. சிவப்பு விளக்குக்கான மாட்டியும் உண்டு. இப்போது அதில் பழைய விடைத்தாள் கட்டுகளும் கால் ஒடிந்த நாற்காலிகளும் குடியிருக்கின்றன. அதை இடித்துக் கணிப்பொறிகளுக்கான கிடங்காக்கலாம் என்று ஒரு யோசனை உலவுவதாகக் கேள்வி. கூடாது என்பது என் உறுதியான கருத்து. கணிப்பொறிக்கு எந்த அறையும் ஆகும். கறுத்த சுவரும் தண்ணீர்க் குழாயும் உள்ள அறை இன்னொன்று நமக்குக் கிடைக்காது.

அதைக் கொண்டு என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒரே ஒரு செய்முறை சொல்கிறேன். சிறிய பல்பு ஒன்றை ஒரே மின்னழுத்தத்தில் எரியவிட்டு, பிலிமை அதிலிருந்து 1 மீட்டர், 2 மீட்டர், 4 மீட்டர், 8 மீட்டர் என்று தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். இரவில் அறைக் கதவைத் திறந்து, விளக்கணைத்த வராந்தாவையும் சேர்த்துக் கொண்டால் 8 மீட்டர் கிடைத்துவிடும். தலைகீழ் இருமடி விதிப்படி ஒளி 1, 1/4, 1/16, 1/64 என்று குறைகிறது. நேரத்தை 1, 4, 16, 64 விநாடி என்று கூட்ட வேண்டும். பெருக்குத்தொகை நான்கிலும் ஒன்றே. (பல்பின் மின்னழுத்தத்தைக் குறைத்து ஒளியைக் குறைக்கக் கூடாது, ஒளி சிவந்துபோய் வேறு பிழை புகுந்துவிடும். தொலைவால்தான் குறைக்க வேண்டும்.) நான்கு கட்டங்களையும் ஒரே தொட்டியில் கழுவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எஃப்பி-4 பிளஸ் ஆனால், 64 விநாடி பெற்ற கட்டம் 27 விநாடிதான் பெற்றதுபோல் வெளிறி நிற்கும். ஒளிமின்கலமும் கால்வனாமீட்டரும் நம் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கின்றன. நெகடிவின் கறுமையை அவற்றால் அளந்து, வரைதாளில் புள்ளியிட்டு, அடுக்கை மாணவனே கண்டுபிடிக்கலாம். 1.26 வருமா, 1.3 வருமா? எது வந்தாலும் அது அவன் அளந்த எண்.

நம் செய்முறைத் தேர்வுகளில் விடை முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. ஊசலை ஆட்டி 9.8 வரும்வரை கணக்கைத் திருத்துகிறோம் என்று எல்லாரும் அறிவோம், யாரும் சொல்லமாட்டோம். விதி பொய்க்கும் எல்லையைத் தேடிப் போகிற செய்முறை பாடத்திட்டத்தில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. கூலம்பு விதியையும் ஓமின் விதியையும் மனப்பாடம் செய்கிற மாணவனுக்கு, ஒரு விதி எந்த இடம்வரை செல்லும், எங்கே நிற்கும் என்று கண்ணால் காட்ட இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியவில்லை.

செலவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது மீட்டர் நீளச் சுருளாக வாங்கி நாமே வெட்டிக்கொண்டால், 36 படச் சுருள்கள் ஏறத்தாழ பதினெட்டு கிடைக்கும். ஒரு செய்முறைக்கு நான்கு கட்டம் போதும் என்பதால் ஒரு சுருள் வகுப்பு முழுமைக்கும் பல ஆண்டு வரும். அதுவும் இயலாதென்றால் பிஸ்கட் டப்பாவில் ஊசித்துளை போட்டுப் புகைப்படக் காகிதத்தை உள்ளே வைத்தாலும் இதே குணத்தைக் காணலாம். காகிதத்தைச் சிவப்பு விளக்கிலேயே கையாளலாம் என்பது கூடுதல் வசதி.

ஒரே ஒரு தடை உண்டு, அது மதுரையின் தண்ணீர். அட்டவணைகளெல்லாம் 20 பாகை செல்சியஸில் கழுவுவதாக வைத்துப் போட்டவை. சித்திரையில் நம் குழாயில் வருவது வெந்நீர். அதில் 20 விழுக்காடு நேரக் குறைப்பையெல்லாம் துல்லியமாகச் செய்ய ஆகாது, ஜெலாட்டினும் இளகும். ஆகவே செய்முறையை மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொள்ள வேண்டும். இரவு நீண்டிருக்கும், தண்ணீர் தானாகவே குளிர்ந்திருக்கும், இரண்டு கட்டிப் பனிக்கட்டியில் வேலை முடிந்துவிடும். விடைத்தாள் கட்டுகளை வெளியேற்ற ஒரு சனிக்கிழமை பிற்பகல் போதும். நாங்கள் ஏழு பேர் வரத் தயார். சாவி துறை அலுவலகத்து மர அலமாரியில் இரண்டாம் ஆணியில் தொங்குகிறது.